கெடா முற்றுகையில் தொடங்கிய வாழ்வு: ஷெரார்டு ஆஸ்பர்னை எப்படி மதிப்பிடுவது?

புக்கிட் செலம்பாவ் என்றதும் மலேசியத் தமிழர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது 2009 ஏப்ரலில் 15 வேட்பாளர்கள் போட்டியிட்ட சட்டமன்ற இடைத்தேர்தல்தான். வயதானவர்களைக் கேட்டால் பால்மரத் தோட்டம், லயம், கங்காணி என்று பேச்சு பின்னோக்கிப் போகும். நாகப்பட்டினத்திலோ மதராசிலோ கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தாத்தாவோடு பெரும்பாலான குடும்பக் கதைகள் தொடங்கிவிடுகின்றன. தாத்தா வந்து இறங்கும்போது இந்த மண்ணை ஆண்டவர் யார், அந்த ஆட்சி எப்படி வந்தது, அதற்காக யார் நாட்டை இழந்தார்கள் என்ற கேள்விகளை நாம் அதிகம் கேட்டதில்லை.

அவற்றுக்கு விடை தேடுகிறவர்கள் ஒரு பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியைச் சந்தித்தே ஆக வேண்டும். அவர் பெயர் ஷெரார்டு ஆஸ்பர்ன். 1822 ஏப்ரல் 25இல் மதராசில் பிறந்தவர். தந்தை எட்வர்ட் ஆஸ்பர்ன் மதராஸ் படையில் அதிகாரியாக இருந்தார். 16 வயதில் ஆஸ்பர்ன் ஏற்ற முதல் தலைமைப் பொறுப்பு கெடாக் கரையில் ஒரு பீரங்கிப் படகு. அங்கிருந்து சீனம், வட துருவப் பகுதி, கருங்கடல், ஜப்பான் என்று சென்று, ரியர் அட்மிரலாக 1875இல் இறந்தார். பிரிட்டிஷ் நூல்கள் அவரைத் துருவ நாயகராகவே நினைவுகூர்கின்றன. சீன வரலாற்றில் அவர் தோல்வியில் முடிந்த ஒரு கப்பல்படையின் தலைவர். கெடாவின் வரலாற்றில் அவர் கரையை அடைத்தவர், அந்த அடைப்பைக் கண்ணால் கண்டு எழுதியவரும் அவரே. இந்த மூன்று பார்வைகளையும் சேர்த்து வைத்து அவரை எப்படி மதிப்பிடுவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முற்றுகைக்கு முந்தைய கணக்கு

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றினார். கெடா சுல்தான் அப்துல்லா அந்தத் தீவைக் கொடுக்க முன்வந்ததற்குக் காரணம், சயாமும் பர்மாவும் நெருக்கும்போது கிழக்கிந்தியக் கம்பெனி படை அனுப்பிக் காக்கும் என்ற எதிர்பார்ப்பு. கம்பெனி தீவை எடுத்துக்கொண்டது, காப்பதாக உறுதி கொடுக்கவில்லை. தீவை மீட்க 1791இல் சுல்தான் பிறையில் படை திரட்டியபோது லைட் முந்திக்கொண்டு தாக்கினார். ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்று ஒப்பந்தம் ஆயிற்று. 1800இல் எதிர்க்கரையில் இருந்த செபராங் பிறையும் கைமாறியது, தொகை 10,000 டாலராக உயர்ந்தது. பாதுகாப்பு மட்டும் கிடைக்கவே இல்லை.

1821 நவம்பரில் லிகோர் அரசரின் தலைமையில் சயாம் படை கெடாவைப் பிடித்தது. சுல்தான் அகமது தாஜுதீன் ஹாலிம் ஷா பினாங்குக்குத் தப்பினார். ஆயிரக்கணக்கான குடிமக்கள் மூடா ஆற்றைக் கடந்து செபராங் பிறையில் தஞ்சம் புகுந்தனர். கெடா சுதந்திர நாடு, அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று பினாங்கு அதிகாரி ஜான் ஆண்டர்சன் 1824இல் ஒரு நூலே வெளியிட்டார். அது எடுபடவில்லை. 1826இல் ஹென்றி பர்னி பாங்காக்கில் செய்த உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு கெடாவைச் சயாமின் கையில் விட்டது. பழைய சுல்தான் கெடாவைத் தாக்க விடமாட்டோம், பினாங்கிலோ பிறையிலோ பேராக்கிலோ சிலாங்கூரிலோ பர்மாவிலோ அவரைக் குடியிருக்க விடமாட்டோம் என்று ஆங்கிலேயர் எழுதிக் கொடுத்தனர்.

கெடா மக்கள் அடங்கிவிடவில்லை. 1831இல் இளவரசர் துங்கு கூடின் எழுந்தார், கோட்டையைப் பிடித்தார், பின் வீழ்ந்தார். அதன் பிறகு சுல்தான் மலாக்காவுக்கு அனுப்பப்பட்டார். 1838இல் மீண்டும் பெரிய எழுச்சி. துங்கு முகமது சாட் முதலான இளவரசர்களின் தலைமையில் மலாய்ப் படை கெடாக் கோட்டையை மீட்டு, வடக்கே சயாம் எல்லைக்குள்ளும் நுழைந்தது. பர்னி உடன்படிக்கையைக் காக்க வேண்டும் என்று நீரிணைக் குடியேற்றங்களின் கவர்னர் சாமுவேல் ஜார்ஜ் பொன்ஹாம் முடிவு செய்தார். தரையில் சயாம் படை வரும்வரை கடல் வழியை அடைக்கும் வேலை, கமாண்டர் வில்லியம் வாரனின் கீழிருந்த 'ஹயசிந்த்' கப்பலுக்கு வந்தது. அந்தக் கப்பலில் 1837இல் சேர்ந்திருந்த பையன்தான் ஆஸ்பர்ன்.

கெடாக் கரையில் ஒரு பையன்

பெரிய கப்பல் கெடாவின் ஆற்றுமுகங்களுக்குள் நுழைய முடியாது. சேற்றுத்திட்டும் கண்டல் காடும் நிறைந்த கரை இது. ஆகவே சிறிய பீரங்கிப் படகுகள் அமர்த்தப்பட்டன. அவற்றில் 'எமரால்டு' என்ற படகை வாரன் ஆஸ்பர்னிடம் ஒப்படைத்தார். மாலுமிகள் எல்லாரும் மலாய்க்காரர்கள். அவர்களின் தலைவன் ஜாடி என்ற சேராங், பழைய கடற்கொள்ளைக்காரன். அந்தக் கரையின் நீரோட்டமும் காற்றும் அவனுக்குத்தான் தெரியும். பெயருக்குத் தலைவன் ஆங்கிலேயப் பையன், வழி காட்டியவன் அந்தச் சேராங்.

முற்றுகையின் வேலை எளிதாகச் சொல்லிவிடக்கூடியது. அரிசியும் வெடிமருந்தும் ஆட்களும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், படகுகளை மறித்துச் சோதிக்க வேண்டும், கெடா, பெர்லிஸ் ஆற்றுமுகங்களில் காவல் இருக்க வேண்டும். அதன் விளைவு எளிதானதல்ல. கடல் அடைபட்டதும் கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு வெளியிலிருந்து உதவி வரும் வழி போயிற்று. 1839 மார்ச்சில் சயாம் படை திரும்பி வந்தபோது எதிர்ப்பு நொறுங்கியது. பெண்களும் குழந்தைகளும் கிடைத்த படகில் ஏறிக் கடலுக்குள் ஓடினர், தரைவழியே தெற்கு நோக்கியும் கூட்டம் கூட்டமாக நகர்ந்தனர். தப்பியோடியவர்களின் நிலையை ஆஸ்பர்ன் நேரில் பார்த்தார்.

அந்த மாதங்களில் எழுதிய நாட்குறிப்பை வைத்து அவர் 1857இல் லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். கெடாவின் அன்றைய ஆங்கில எழுத்துமுறையான 'குவெடா' என்பதே அதன் தலைப்பு. ஆக்ஸ்போர்டு பதிப்பகம் 1987இல் அதை மறுபதிப்பு செய்தது. தோட்டங்கள் வருவதற்கு முந்தைய கெடாக் கரையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக விரிவான நேரடிச் சாட்சியங்களில் அது ஒன்று. ஆற்றோரக் காடு, மீன்பிடி, மாலுமிகளின் நம்பிக்கைகள், அவர்கள் சொன்ன கதைகள், சாப்பாடு, சண்டை எல்லாம் அதில் உண்டு. சாதாரண மலாய் மாலுமிகளைப் பெயரோடும் குணத்தோடும் எழுதிய ஆங்கிலேயர் அன்று அரிது. ஜாடியை அவர் மதிப்போடும் பாசத்தோடும் எழுதினார்.

அதைவிட முக்கியம், நியாயம் மலாய்க்காரர் பக்கம் இருந்ததாக அவர் உணர்ந்து அதை மறைக்காமல் எழுதியது. சொந்த நாட்டை மீட்கப் போராடியவர்களைக் கடற்கொள்ளையர் என்று முத்திரை குத்தி அடக்கிய கொள்கை அவருக்கு உறுத்தியது. ஆனாலும் கட்டளையை நிறைவேற்றினார்.

இந்த நூலைப் படிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ஒன்று, நாட்குறிப்பு 16 வயதுப் பையனுடையது, நூல் 35 வயதுக் கேப்டனுடையது. நடுவில் கிட்டத்தட்ட 20 ஆண்டுப் போர் அனுபவம் இருக்கிறது. இளமைத் துணிச்சல் கதையாக அது செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு, அதில் மலாய்க்காரருக்கு முகம் உண்டு, சயாமியருக்குப் பெரும்பாலும் கொடுமை மட்டுமே உண்டு. கொடுமையின் பொறுப்பு முழுவதும் சயாமின் தலையில் இறங்கிவிட்டால், கடலை அடைத்தவர்களின் பங்கு வாசகர் கண்ணில் சிறுத்துவிடும். ஆஸ்பர்ன் திட்டமிட்டு அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. எழுத்து அப்படி விளைந்திருக்கிறது.

ஆற்றுமுகத்திலிருந்து உலகக் கடலுக்கு

கெடாவில் கற்ற தொழில் அவரை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. ஆழமில்லாத நீர், சிறிய கப்பல், கரையோர மக்களின் உணவு வழி, ஆற்றின் வாயை அடைத்தலும் திறத்தலும்: அவருடைய பெரிய பணிகளில் பாதி இந்தச் சட்டகத்துக்குள் அடங்கும்.

1839இல் ஹயசிந்த் சீனம் சென்றது. முதல் அபினிப் போரில் காண்டன் ஆற்று நடவடிக்கைகளிலும், 1842 ஜூனில் யாங்சி முகத்துக்கு அருகே ஊசுங் பிடிபட்டபோதும் ஆஸ்பர்ன் இருந்தார். 1855இல் கிரிமியப் போரின்போது அசோவ் கடலில் பிரிட்டிஷ் சிறுகப்பல் அணியின் தலைவர் லயன்ஸ் காயமுற்று இறக்க, பொறுப்பு ஆஸ்பர்னிடம் வந்தது. ரஷ்யப் படைக்குப் போகவிருந்த தானியத்தையும் தீவனத்தையும் கரையோரக் கிடங்குகளில் எரிப்பதே அங்கு முக்கிய வேலை. அதற்காக அவருக்குக் கேப்டன் பதவியும் பிரிட்டிஷ், பிரெஞ்சு, துருக்கி விருதுகளும் கிடைத்தன. கெடாவில் மலாய்ப் படைக்கு எதிராகச் சின்ன அளவில் செய்ததை அசோவ் கடலில் ஒரு பேரரசின் படைக்கு எதிராகப் பெரிய அளவில் செய்தார்.

1857இல், கெடா நூல் வெளிவந்த அதே ஆண்டில், 'பியூரியஸ்' கப்பலில் பீரங்கிப் படகுகளை அழைத்துக்கொண்டு மீண்டும் சீனம் சென்றார். 1858 ஆகஸ்டில் எடோவில் ஜப்பானுடன் பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு உடன்படிக்கை செய்தபோது அவரை ஏற்றிச் சென்ற கப்பல் இதுதான். அதே ஆண்டின் இறுதியில் யாங்சி ஆற்றில் ஹாங்கோ வரை கப்பலைக் கொண்டு சென்றார். பழக்கமில்லாத ஆற்றில் மணல்திட்டுகளுக்கிடையே ஒரு போர்க்கப்பலை உள்நாட்டு நகரம் வரை ஓட்டியது மாலுமித் திறமையின் உச்சம். சீனாவின் உள்ளாறு அந்நிய வணிகத்துக்குத் திறக்கப்படுவதற்கு முன்னோடியாக அமைந்ததும் அந்தப் பயணம்தான்.

இவற்றுக்கு இடையே துருவப் பயணங்கள். 1845இல் புறப்பட்டுக் காணாமல்போன ஜான் பிராங்கிளினைத் தேடும் பணியை ஆஸ்பர்ன் விடாமல் வற்புறுத்தினார். 1850இல் ஹொரேஷியோ ஆஸ்டினின் அணியில் 'பயனியர்' என்ற நீராவித் துணைக்கப்பலின் தலைவரானார். பனிக்கடலில் நீராவி இயந்திரத்தின் பயனை நடைமுறையில் காட்டினார், 1851இல் பனிச்சறுக்கு வண்டியில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவின் மேற்குக் கரையை ஆராய்ந்தார். 1852 முதல் 1854 வரை எட்வர்ட் பெல்ச்சரின் கீழ் மறுபடியும் சென்றார். கப்பல்களைப் பனியிலேயே கைவிடுமாறு பெல்ச்சர் உத்தரவிட்டதில் அந்தப் பயணம் முடிந்தது. பிராங்கிளின் பற்றியும், வடமேற்கு வழியைக் கண்ட மெக்ளூரின் பயணம் பற்றியும் ஆஸ்பர்ன் எழுதிய நூல்கள் இங்கிலாந்தில் பரவலாகப் படிக்கப்பட்டன. இந்தப் பகுதியில் அவரைக் குறைத்து மதிப்பிட எந்தக் காரணமும் இல்லை. துணிவும் அறிவும் தோழமையும் அவரிடம் இருந்தன.

சீனத்தின் கப்பல்படை: ஒரு திருப்பம்

அவர் வாழ்வில் மிகுந்த வாதத்துக்கு உள்ளானது 1862-63இன் சீனக் கப்பல்படை விவகாரம். தைப்பிங் கிளர்ச்சியை அடக்கச் சீன அரசுக்கு நீராவிப் போர்க்கப்பல்கள் தேவைப்பட்டன. சீனச் சுங்கத்துறைத் தலைவராக இருந்த ஹொரேஷியோ நெல்சன் லே இங்கிலாந்தில் கப்பல்களை வாங்கினார், ஆஸ்பர்னைத் தலைவராக அமர்த்தினார். 1863 ஜனவரியில் இருவரும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பேரரசரின் ஆணையை மட்டும், அதுவும் லே வழியாக வந்தால் மட்டும், ஆஸ்பர்ன் ஏற்பார். பொருத்தமில்லை என்று தோன்றும் ஆணையைக் கடத்த மறுக்கும் உரிமை லேவுக்கு உண்டு.

சீன இளவரசர் குங்கும் ஜெங் குவோஃபான், லீ ஹோங்ஜாங் போன்ற மாகாணத் தலைவர்களும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆஸ்பர்னும் மாகாண அதிகாரிகளின் கீழ் பணியாற்ற மறுத்தார். 1863இன் இறுதியில் படை கலைக்கப்பட்டது. கப்பல்கள் பம்பாய்க்கும் இங்கிலாந்துக்கும் அனுப்பப்பட்டன. லே பதவி இழந்தார், ராபர்ட் ஹார்ட் அந்த இடத்துக்கு வந்தார்.

சொன்ன சொல்லில் நின்ற கண்ணியவான் என்று ஆங்கில எழுத்தாளர்கள் ஆஸ்பர்னைப் பாராட்டினர். நேர்மை அவரிடம் இருந்தது உண்மை. கலைக்கப்பட்ட கப்பல்கள் அமெரிக்க உள்நாட்டுப் போரிலோ ஜப்பானியப் பிரபுக்கள் கையிலோ சிக்காமல் இருக்க எடுத்த எச்சரிக்கையும் நல்லதே. ஆனால் ஒரு நாட்டின் பணத்தில் வாங்கிய படை, அந்த நாட்டின் எந்த ஆணையைக் கேட்கலாம் என்பதை இரண்டு அந்நியர்கள் முடிவு செய்வது எப்படி நியாயமாகும்? சீன அதிகாரிகள் மறுத்தது சரி. 16 வயதில் கெடாக் கரையில் யாருக்காக, எந்த உரிமையில் என்று கேட்க வாய்ப்பில்லாமல் கடலை அடைத்தவர், 40 வயதில் தம் கட்டளை எங்கிருந்து வர வேண்டும் என்று எழுத்தில் நிபந்தனை கேட்டார். அந்த நிபந்தனையில் ஆசிய அரசு ஒன்றின் விருப்பத்துக்கு இடம் சிறியதாகவே இருந்தது.

மதராசையும் பினாங்கையும் கட்டிய கம்பி

கடற்படைக்கு வெளியே அவர் செய்த வேலைதான் நம்மை இன்னும் நெருங்கித் தொடுகிறது. 1865இல் பம்பாயில் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயின் முகவரானார். 1867இல் டெலிகிராப் கன்ஸ்ட்ரக்‌ஷன் அண்ட் மெயின்டனன்ஸ் கம்பெனியின் நிர்வாக இயக்குநரானார். கடலடித் தந்திக் கம்பி செய்து பதிப்பதில் அன்று உலகில் முன்னணியில் இருந்த நிறுவனம் அது. 1870-71இல் அந்த நிறுவனம் மதராசிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கம்பி பதித்தது. தாம் பிறந்த ஊரையும், தாம் முதலில் தலைமை ஏற்ற கரைக்கு அருகிலிருந்த துறைமுகத்தையும் இணைத்த கம்பியை ஆஸ்பர்னின் நிறுவனமே போட்டது.

அந்தக் கம்பியின் உயிர் மலாயாக் காட்டு மரத்தில் இருந்தது. செப்புக் கம்பியைக் கடல்நீரிலிருந்து காத்தது கட்டா பெர்ச்சா என்ற மரப்பால். பாராங் கத்திக்குப் பிடி போட மலாய்க்காரர் பயன்படுத்திவந்த அந்தப் பொருளை, சிங்கப்பூரிலிருந்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி 1843இல் லண்டனுக்கு அறிமுகம் செய்தார். பால் வடியும் மரம் ஒன்றுக்காக உலகச் சந்தை மலாயாவை நோக்கியது அதுதான் முதல்முறை. ரப்பர் பின்னால் வந்தது.

1909இல் சயாமும் பிரிட்டனும் செய்த உடன்படிக்கையில் கெடா பிரிட்டிஷ் பிடிக்குள் வந்தது. 1915இல் பிறையிலிருந்து அலோர் ஸ்டார் வரை ரயில் ஓடியது. சுங்கைப்பட்டாணி, பீடோங், புக்கிட் செலம்பாவ் வட்டாரத்தில் காடு அழிந்து பால்மரம் எழுந்தது. கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்தனர். நம் முன்னோர் வந்தது அப்படித்தான். கெடாவின் கடல் யார் கையில் என்பது 1838இலேயே தீர்ந்துபோயிருந்தது. தந்தி போட்டதும் விலையும் ஆள் தேவையும் நாட்கணக்கில் இரு கரைக்கும் தெரிந்தன. அதற்கு அடுத்துத் தோட்டமும் லயமும். ஆஸ்பர்ன் இதைத் திட்டமிடவில்லை. அவர் வாழ்க்கை இந்த வரிசையின் முதல் இரண்டு கண்ணிகளில் நேரடியாகக் கைவைத்திருக்கிறது.

மதிப்பீடு

ஆஸ்பர்ன் 1871இல் 'ஹெர்குலிஸ்' போர்க்கப்பலின் கேப்டனாக மீண்டும் கடலுக்குத் திரும்பினார், 1873இல் ரியர் அட்மிரல் ஆனார். புதிய துருவப் பயணம் ஒன்றுக்காகப் பல ஆண்டுகள் வாதாடினார். அந்தப் பயணம் 1875 மே 29இல் புறப்பட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், மே 6 அன்று லண்டனில் அவர் இறந்துவிட்டார்.

கெடாவின் கதையோ வேறு வழியில் முடிந்தது. படையெடுத்தும் மீட்க முடியாத நாட்டை, சயாம் மன்னரிடம் பணிந்து 1842இல் சுல்தான் திரும்பப் பெற்றார், முழுவதுமாக அல்ல. பெர்லிஸ் தனி அரசாகப் பிரிந்தது. திரும்பி வந்த சுல்தான் தங்கியது கோத்தா கோலா மூடாவில், புக்கிட் செலம்பாவ் அடங்கிய இதே கோலா மூடா மாவட்டத்தில்.

ஆஸ்பர்னைப் பற்றி நான் வரும் முடிவு இது. மாலுமியாக அவர் முதல் தரம். சாட்சியாக மிக மதிப்புக்குரியவர், ஏனென்றால் தம் தரப்பின் தவற்றை அவரே எழுதி வைத்தார். ஆனால் தவற்றைக் கண்டது அவரை அந்தத் தவற்றின் பங்கிலிருந்து விடுவிக்காது. இரக்கம் எழுத்தில் இருந்தது, பீரங்கி ஆற்றுமுகத்தில் இருந்தது. கெடா மக்கள் சந்தித்தது பீரங்கியைத்தான்.

இதே அளவுகோலை நமக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பல்படை இதே கெடாவுக்கு, அன்றைய கடாரத்துக்கு, வந்தது. ஜெராய் மலையடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்களைப் பார்க்கும் தமிழர் பெருமை கொள்வது இயல்பு. வணிகமும் சமயமும் இரு கரைகளையும் நெடுங்காலம் இணைத்திருந்ததற்கு அவை சான்று. நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் கட்டிய விகாரத்துக்கு ராஜராஜன் ஊர் கொடுத்ததும் அதே உறவின் பகுதி. படையெடுப்பு வேறு. கெடாக் கரையில் நின்று பார்த்தால் 1025இன் கப்பலும் 1838இன் கப்பலும் அழைக்காமல் வந்தவையே. ஒன்றைக் கொண்டாடிக்கொண்டே மற்றொன்றை மட்டும் கண்டிக்கும் வரலாறு நேர்மையாகாது.

கெடாவில் தமிழ் படிக்கும் மாணவர்களும் ஆசிரியர்களும் ஆஸ்பர்னின் கெடா நூலைக் கையிலெடுக்க வேண்டும். அதன் முக்கியப் பகுதிகளாவது தமிழில் வர வேண்டும். மலாய் மொழியில் உள்ள கெடா வரலாற்று நூல்களையும், 1771 முதல் 1821 வரையான கெடாவைப் பற்றி ஆர். போனி எழுதிய ஆய்வையும் அதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இந்த மண்ணில் நாம் சிந்திய வியர்வையின் வரலாற்றை உரிமையோடு எழுதுகிறோம். நமக்கு முன் இதே மண்ணுக்காகப் படகேறி ஓடிய மக்களின் வரலாறும் அந்த எழுத்தில் இடம்பெறும்போதுதான் கெடாத் தமிழரின் வரலாறு முழுமை பெறும்.